மாற்கு எட்டாம் வசனத்தோடு நின்றால்

கடலூர் முதுநகரில் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு வேதபாடம் நடத்தும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தபால்வழியில் இறையியல் படிக்கச் சேர்ந்தாராம். மாற்கு நற்செய்தியின் கடைசிப் பன்னிரண்டு வசனங்கள் மிகப் பழைய கைப்பிரதிகளில் இல்லை என்று பாடத்தில் வந்திருக்கிறது. அன்றிலிருந்து வேதத்தைத் திறந்தால் எது பழையது, எது பிற்சேர்க்கை என்றுதான் மனது தேடுகிறது, ஜெபம் வரவில்லை என்கிறார். அவருடைய அம்மா, "எழுத்து கொல்லுகிறது, ஆவியோ உயிர்ப்பிக்கிறது" என்ற வசனத்தைக் காட்டிப் படிப்பை விடச் சொல்கிறார். வீட்டுக் கூடத்தில் எரேமியா 29:11 அச்சிட்ட அட்டை ஒன்று தொங்குகிறது. அப்பா படுத்த படுக்கையாக இருந்த வருடம் அம்மா மாட்டியது. அப்பா பிழைக்கவில்லை. இப்போது அந்த அட்டையைப் பார்த்தால், "இது பாபிலோனுக்குப் போனவர்களுக்கு எழுதியது, நமக்கு இல்லை" என்று தோன்றுகிறதாம். அம்மாவிடம் அதைச் சொல்லவும் முடியவில்லை. படிப்பையும் பக்தியையும் சேர்த்து வைத்துக்கொள்ள முடியுமா என்பது கேள்வி.

முடியும், தம்பி. நான் புதுச்சேரியில் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். கத்தோலிக்கன். நீங்கள் தேவன் என்பதை நாங்கள் கடவுள் என்போம். என் பாட்டி சர்வேசுரன் என்பார். ஒரு வயதான பாதிரியாரிடம் மாலை வேளைகளில் கிரேக்கம் கொஞ்சமும் எபிரேயம் அதைவிடக் கொஞ்சமும் கற்றேன். உங்களுக்கு இப்போது வந்திருக்கும் வறட்சி எனக்கும் வந்தது, இரண்டு வருடம் இருந்தது. அதனால் அவசரப்படாமல் எழுதுகிறேன்.

முதலில் மாற்கு. உங்கள் பாடத்தில் இருப்பது உண்மைதான். சீனாய்ப் பிரதி, வத்திக்கான் பிரதி என்ற இரண்டும் 4ஆம் நூற்றாண்டுக் கைப்பிரதிகள். இரண்டிலும் மாற்கு 16ஆம் அதிகாரம் எட்டாம் வசனத்தோடு முடிந்துவிடுகிறது. ஆனால் இதைக் கூடவே தெரிந்துகொள்ளுங்கள்: 2ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுதிய இரேனேயு என்ற ஆயர், இந்தப் பன்னிரண்டு வசனங்களில் ஒன்றை மாற்குவின் வாக்காகவே மேற்கோள் காட்டுகிறார். ஆகவே அந்தப் பகுதியும் நேற்று ஒட்டியது கிடையாது. 4ஆம் நூற்றாண்டில் எவுசேபியு என்ற திருச்சபை வரலாற்றாசிரியர், திருத்தமான படிகள் எட்டாம் வசனத்தோடு முடிகின்றன என்று எழுதிவைத்தார். அவருக்குப் பின் வந்த, வேதத்தை லத்தீனில் பெயர்த்த ஜெரோமும், கிரேக்கப் படிகளில் பெரும்பாலானவற்றில் அந்த வசனங்கள் இல்லை என்று சொன்னார். சொல்லிவிட்டு, தம் லத்தீன் மொழிபெயர்ப்பில் அவற்றைச் சேர்த்தும் வைத்தார். உங்களைத் தூங்கவிடாமல் செய்த செய்தி 1600 வருடங்களுக்கு மேலாகத் திருச்சபையின் பெரியவர்களுக்குத் தெரிந்த செய்தி. அவர்கள் அதை வெளிப்படையாக எழுதினார்கள், பிறகு ஜெபிக்கவும் போனார்கள்.

தமிழ் படித்த நமக்கு இது புதிதாகவும் இருக்கக்கூடாது. பாடபேதம் என்ற சொல் நம்மிடம் எப்போதோ இருக்கிறது. உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராகப் போய் ஏடு சேர்த்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, இந்தச் சுவடியில் இப்படி, அந்தச் சுவடியில் அப்படி என்று குறித்துவைத்தார். அந்தப் பாட்டுகள் மேல் அன்பு குறைந்ததாலா அப்படிச் செய்தார்? ஒரு எழுத்துகூடத் தவறாகப் போய்விடக்கூடாது என்ற தவிப்பினால் செய்தார். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் 1887இல் பதிப்பித்த சீவக சிந்தாமணி சமணக் காப்பியம். அவரோ சைவ மரபில் வந்தவர். இலக்கணமும் நிகண்டும் வைத்துக்கொண்டு மட்டும் அதைப் புரிந்துகொள்ள முடியாது என்று கண்டு, கும்பகோணத்துச் சமணர்களிடம் போய்க் கேட்டுக் கற்றார். அவர்கள் அதை வணங்கிப் படித்தவர்கள். சுவடியைச் சோதிக்கும் கண்ணும், அந்த நூலைக் கும்பிடுகிறவர்கள் முன் உட்கார்ந்து கேட்கும் காதும் ஒரே மனிதரிடம் இருந்தன. வேதத்தை எப்படிப் படிக்க வேண்டும் என்று யாராவது என்னைக் கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த நிகழ்ச்சிதான்.

சரி, எட்டாம் வசனத்தில் நின்றுபோன மாற்குவை வைத்து எப்படி ஜெபிப்பது? நின்றே பாருங்கள். கல்லறைக்கு வந்த பெண்கள் நடுங்கிக்கொண்டு ஓடுகிறார்கள். "ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமற்போனார்கள்." கிரேக்கத்தில் கடைசி வாக்கியம் "ஏனென்றால்" என்று பொருள்படும் ஒரு சிறிய இடைச்சொல்லில் முடிகிறது. 'பயந்தார்கள்' என்பதற்குப் பின்னால் அந்தச் சொல், அதன் பின் ஒன்றுமில்லை. மாற்கு வேண்டுமென்றே அங்கே நிறுத்தினாரா, மீதி தொலைந்ததா என்று அறிஞர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். எனக்கு அந்த இடம் மிகவும் நெருக்கமானது. உயிர்ப்பின் செய்தி முதலில் போய்ச் சேர்ந்த காதுகள் பயந்த காதுகள். நல்ல செய்தி கேட்டும் வாய் திறக்க முடியாமல் நின்றவர்கள். அந்த இடத்தில் எத்தனையோ முறை நான் நின்றிருக்கிறேன், நீங்களும் இப்போது அங்கேதான் நிற்கிறீர்கள். பன்னிரண்டு வசனங்களை ஓட்டமாக ஓடிக் கடந்து பரமேறுதலுக்குப் போயிருந்தால் அந்தப் பெண்களின் பக்கத்தில் நிற்கும் வாய்ப்பே நமக்குக் கிடைத்திருக்காது. ஆராய்ச்சிதான் நம்மை அங்கே நிறுத்தியது.

ஆக, ஜெபம் வற்றியதற்குப் படிப்பு காரணம் இல்லை. என் அனுபவத்தில் காரணம் வேறு. பரீட்சைக்குப் படிக்கிறவன் நூலின் மேலே நின்று குனிந்து பார்க்கிறான். விடைத்தாள் திருத்தும் வாத்தியார் மாதிரி. நான் வாழ்நாள் முழுக்க விடைத்தாள் திருத்தியவன், அதனால் அந்தப் பழக்கம் எனக்குச் சீக்கிரம் ஒட்டிக்கொண்டது. எங்கே முரண் இருக்கிறது, எது பிற்சேர்க்கை, யார் எழுதியது என்று சிவப்பு மை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கேள்விகள் சரியான கேள்விகள்தான். ஆனால் விடை கிடைத்தவுடன் பக்கத்தைத் திருப்பிவிடுவேன். "சரி, இது இப்படி என்றால் என்னிடம் என்ன கேட்கிறது?" என்று இன்னொரு ஐந்து நிமிடம் உட்காரவில்லை. அந்த ஐந்து நிமிடம் இல்லாததுதான் வறட்சி.

இனி உங்கள் வீட்டு அட்டைக்கு வருகிறேன். இதுதான் கடிதத்தில் என்னை மிகவும் தொட்டது.

"உங்கள்பேரில் நான் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன், அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." இது கி.மு. 597இல் அரசனோடு சேர்த்துப் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எருசலேமிலிருந்து எழுதியனுப்பிய கடிதத்தில் வருகிறது. நீங்கள் படித்தது சரி. ஆனால் அங்கேயே நின்றுவிட்டீர்கள். முந்தின அதிகாரத்தைத் திருப்புங்கள். அனனியா என்ற தீர்க்கதரிசி எல்லார் முன்னாலும் நின்று, இரண்டே வருடத்தில் எல்லாம் சரியாகிவிடும், போனவர்கள் திரும்பிவிடுவார்கள் என்கிறான். பாபிலோனுக்கு அடிபணிவதன் அடையாளமாக எரேமியாவின் கழுத்தில் இருந்த நுகத்தை எடுத்து உடைத்தும் காட்டுகிறான். கேட்டவர்களுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்! எரேமியா சொன்னதோ எழுபது வருடம். கடிதம் வாசிக்கக் கேட்டவர்களில் பெரும்பாலானோர் அந்த எழுபது முடிவதற்குள் அந்நிய மண்ணில் அடக்கமாகியிருப்பார்கள். "இருக்கும் இடத்தில் வீடு கட்டுங்கள், தோட்டம் வையுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள், உங்களைச் சிறைபிடித்த பட்டணத்தின் சமாதானத்துக்காகவும் ஜெபியுங்கள்" என்று சொல்லிவிட்டுத்தான் பதினோராம் வசனத்துக்கு வருகிறார். ஏழாம் வசனத்திலும் பதினோராம் வசனத்திலும் 'சமாதானம்' என்று தமிழில் இருப்பது எபிரேயத்தில் ஒரே சொல், ஷாலோம். எதிரியின் ஊருக்காகக் கேட்கச் சொன்ன அதே சமாதானம்தான் அவர்களுக்கு வாக்களிக்கப்பட்டது.

இப்போது உங்கள் வீட்டை நினைத்துப் பாருங்கள். அந்த அட்டையை, "இந்த வருடம் நோய் குணமாகும்" என்று படித்தால் அது அனனியாவின் வாக்கு. இரண்டு வருடத்து வாக்கு. அது பொய்த்தது, மனது உடைந்தது. எரேமியாவின் வாக்கு அதைவிட நீளமானது. தான் கண்ணால் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும் ஒரு தகப்பன் தோட்டம் வைக்கிறான், பிள்ளைகள் பழம் சாப்பிடட்டும் என்று. உங்கள் அப்பா உங்களுக்காக என்ன நட்டுவைத்தார் என்று எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். வசனம் யாருக்கு எழுதப்பட்டது என்ற கேள்வி அதை உங்களிடமிருந்து பிடுங்கிக்கொண்டதாக நினைத்தீர்கள். அந்தக் கேள்வியை இன்னும் இரண்டு அடி தொடர்ந்து போனால் அது உங்கள் வீட்டு வாசலுக்கே திரும்பி வருகிறது. பிழைக்காதவர்களின் குடும்பத்துக்கு எழுதப்பட்ட வசனம் அது.

அம்மாவிடம் இதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்ல வேண்டாம். அவர் அந்த அட்டைக்கு முன்னால் எத்தனை இரவு முழங்காலில் இருந்தார் என்பதும் அந்த வசனத்தின் உரையில் ஒரு பகுதிதான்.

ஒரு சொல்லைத் துருவிப் பார்ப்பது எப்படி ஜெபமாகும் என்பதற்கு எனக்குக் கிடைத்த உதாரணம் யோவான் 1:14. நீங்கள் படிக்கும் மொழிபெயர்ப்பில் "அந்த வார்த்தை மாம்சமாகி... நமக்குள்ளே வாசம்பண்ணினார்." எங்கள் திருவிவிலியத்தில் "வாக்கு மனிதர் ஆனார், நம்மிடையே குடிகொண்டார்." கிரேக்க வினைச்சொல்லுக்கு வேர் 'ஸ்கேனே', அதாவது கூடாரம். கூடாரம் அடித்துத் தங்கினார் என்பது சொல்லுக்குச் சொல் பொருள். யாத்திராகமத்தில் வரும் ஆசரிப்புக் கூடாரத்துக்கும் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் இதே சொல்தான். ஜனங்கள் வனாந்தரத்தில் கூடாரத்தில் இருந்தபோது கடவுளும் கூடாரத்தில் இருந்தார் என்பதை யோவான் நினைவுபடுத்துகிறார். இதை நான் அகராதியில் பார்த்துக் குறித்துவைத்து, வகுப்பில் ஒருமுறை சொல்லியும் இருக்கிறேன். அவ்வளவுதான், அது ஒரு தகவல்.

அப்புறம் 2004 டிசம்பர் 26, சுனாமி வந்தது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள், உங்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஜனவரி முதல் வாரம் எங்கள் பங்கிலிருந்து அரிசியும் பாயும் எடுத்துக்கொண்டு தேவனாம்பட்டினம் பக்கம் போனோம். வரிசையாகத் தார்ப்பாய்க் கூடாரங்கள். உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது, பகலில் அனல். ஒரு கூடாரத்துக்குள் குனிந்து நுழைந்தபோது அந்தக் கிரேக்கச் சொல் நினைவுக்கு வந்தது. மாளிகையில் குடியேறவில்லை, வீட்டில்கூட இல்லை. காற்றடித்தால் ஆடும் துணிக்கு அடியில், இவர்களோடு. அன்று என்னால் ஒன்றும் பேச முடியவில்லை. அந்தச் சொல்லின் வேர் தெரியாதிருந்தால் அந்த நிமிடம் எனக்கு வந்திருக்காது. அந்தக் கூடாரத்துக்குள் போகாதிருந்தால் அந்த வேர் என் நோட்டுப் புத்தகத்திலேயே காய்ந்திருக்கும்.

அம்மா சொன்ன வசனத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். "எழுத்து கொல்லுகிறது" என்பது 2 கொரிந்தியர் 3:6. அந்த அதிகாரத்தை முழுவதும் வாசித்தால் 'எழுத்து' என்று பவுல் எதைச் சொல்கிறார் என்பது தெரியும்: கற்பலகையில் எழுதப்பட்ட பிரமாணம், அதற்கு எதிராக இருதயப் பலகையில் ஆவியானவர் எழுதுவது. படிப்பை அவர் அங்கே பேசவே இல்லை. தீமோத்தேயுக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தின் முடிவில், வரும்போது மேலங்கியையும் புத்தகங்களையும், முக்கியமாகத் தோற்சுருள்களையும் கொண்டுவா என்று கேட்கிறார். அந்தக் கடிதத்தைப் பவுலே எழுதினாரா என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. யார் எழுதியிருந்தாலும், சாவை எதிர்பார்த்துச் சிறையில் இருக்கும் பவுலை நினைத்தவர்களுக்குப் புத்தகம் கேட்கும் பவுல்தான் கண்முன் வந்திருக்கிறார்.

ஆனாலும், தம்பி, அம்மா வசனத்தைத் தவறான இடத்தில் வைத்தார் என்பதால் அவர் பார்த்தது தவறு என்று ஆகாது. உங்கள் முகத்தில் எதையோ பார்த்துத்தான் சொன்னார். "அறிவு இறுமாப்பை உண்டாக்கும், அன்போ பக்திவிருத்தியை உண்டாக்கும்" என்ற வசனத்தைத் தேடி, கையில் கிடைத்த பக்கத்து வசனத்தை எடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய திருச்சபை அறிஞரான அகுஸ்தீன் இதற்கு ஒரு அளவுகோல் கொடுத்திருக்கிறார்: வேதத்தைப் புரிந்துகொண்டதாக நினைக்கிற ஒருவருடைய விளக்கம், கடவுள் மேலும் பிறர் மேலும் அன்பைக் கட்டி எழுப்பவில்லை என்றால் அவர் இன்னும் புரிந்துகொள்ளவில்லை. கரடுமுரடான அளவுகோல்தான். ஆனால் நான் எழுதிய எத்தனையோ குறிப்புகளை அதை வைத்துப் பார்த்துக் கிழித்துப் போட்டிருக்கிறேன்.

நம் கையில் இருக்கும் தமிழ் வேதமே படிப்பும் பக்தியும் சேர்ந்ததால் வந்தது. சீகன்பால்கு என்ற ஜெர்மானியப் போதகர் தரங்கம்பாடியில் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1714-15இல் அச்சேறியது. அதற்குப் பின் வந்த பப்ரிசியுஸ் என்ற ஜெர்மானியர் 1779இல் தமிழ் அகராதி வெளியிட்டவர், ஞானப்பாட்டுகளைத் தமிழில் தந்தவர். முழங்காலில் நின்று மொழிபெயர்த்தார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். அகராதியும் முழங்காலும் ஒருவருக்கே! அவருடைய புதிய ஏற்பாடு 1772இல் சென்னை வேப்பேரியில் அச்சானது. அந்த அச்சு இயந்திரம் எங்கிருந்து போனது தெரியுமா? எங்கள் புதுச்சேரியிலிருந்து. 1761இல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்தபோது பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து எடுத்துப்போன இயந்திரம் அது. போரில் கொள்ளைபோன இரும்பில் வேதம் அச்சாகியிருக்கிறது. பப்ரிசியுஸ் 'பராபரன்' என்று எழுதிய இடத்தில்தான் 1871இல் பவர் ஐயர் முடித்த மொழிபெயர்ப்பு 'தேவன்' என்று எழுதியது. 1995இல் வந்த திருவிவிலியத்தில் அது 'கடவுள்'. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின்னால் ஒருவர் சொல்லை எடைபோட்டுக்கொண்டு இரவில் விளக்கெரித்திருக்கிறார்.

எப்படிப் படிப்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள். சங்கீதம் 1:2இல் "இரவும் பகலும் அவருடைய வேதத்தில் தியானமாயிருக்கிற" என்று வாசிக்கிறோம். தியானம் என்றதும் கண்ணை மூடி அமைதியாக உட்கார்வது என்று நினைக்கிறோம். எபிரேயச் சொல் 'ஹாகா'. முணுமுணுப்பது என்று பொருள். ஏசாயா 31:4இல் இரையின் மேல் நின்று சிங்கம் உறுமுவதற்கும், 38:14இல் புறா விம்முவதற்கும் இதே சொல். வாயில் போட்டு அரைப்பதுதான் தியானம். மேலைநாட்டுத் துறவிகள் இதை மாடு அசைபோடுவதற்கு ஒப்பிட்டார்கள். தமிழிலோ யோசிப்பதற்கே அசைபோடுதல் என்று சொல்கிறோம். என் பாட்டி எழுத்துக்கூட்டி, விரல் வைத்து, உதடு அசையத்தான் வாசிப்பார். நான் படித்தவன் என்று கண்ணால் ஓடவிட்டேன். எபிரேயம் கற்ற பிறகுதான் பாட்டி வாசித்ததே சரியான வாசிப்பு என்று தெரிந்தது.

நான் செய்வது இதுதான். காலையில் பத்து வசனத்துக்கு மேல் போவதில்லை. முதலில் வாய்விட்டு இரண்டு முறை. பிறகு உங்கள் மொழிபெயர்ப்பையும் எங்கள் மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எங்கே விலகுகின்றன என்று பார்ப்பேன். விலகும் இடத்தில்தான் மூலத்தில் ஏதோ இருக்கும். கிரேக்கம் தெரியாவிட்டாலும் இது நடக்கும். ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் 'தேவன்' என்றே வந்துகொண்டிருந்தது, இரண்டாம் அதிகாரம் நாலாம் வசனத்திலிருந்து 'தேவனாகிய கர்த்தர்' என்று மாறுகிறது. முதலாவதில் மிருகங்கள் முன்னால், மனிதர் கடைசியில். இரண்டாவதில் மனிதன் முன்னால். இரண்டு பழைய மரபுகள் அருகருகே வைக்கப்பட்டிருக்கின்றன என்று அறிஞர்கள் சொல்வதைத் தமிழிலேயே கண்ணால் பார்த்துவிடலாம். பார்த்த பிறகு பேனாவை மூடிவைத்துவிட்டு மூன்றாம் முறை வாய்விட்டு வாசிப்பேன். மனதில் ஒட்டிய ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு, காலை நடையில் கடற்கரைச் சாலை முழுவதும் அதை முணுமுணுத்துக்கொண்டு போவேன். விளக்கவுரைப் புத்தகத்தை மாலையில்தான் திறப்பேன். காலையிலேயே திறந்தால் வேறொருவர் அசைபோட்டது என் வாய்க்கு வந்துவிடுகிறது.

தனியாகவும் படிக்காதீர்கள். "தரித்திரராகிய நீங்கள் பாக்கியவான்கள்" என்று லூக்காவில் இருப்பதும், "ஆவியில் எளிமையுள்ளவர்கள் பாக்கியவான்கள்" என்று மத்தேயுவில் இருப்பதும் ஏன் வேறுபடுகின்றன என்று நான் பக்கம் பக்கமாகப் படித்திருக்கிறேன். எங்கள் வாசிப்புக் கூட்டத்தில் வீட்டுவேலை செய்யும் ஒரு அம்மா, "மத்தேயு சொன்னது நீங்க படிக்க, லூக்கா சொன்னது நாங்க படிக்க" என்றார். லூக்காவின் கிரேக்கச் சொல் சாதாரண ஏழையைக் குறிப்பதில்லை, கையேந்தும் நிலைக்கு வந்தவரைக் குறிக்கிறது. அகராதி எனக்குச் சொன்னதை அந்த அம்மா அகராதி இல்லாமலே கேட்டிருந்தார்.

பிள்ளைகளுக்கு மாற்குவை எப்படி நடத்துவது என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். ஒளிக்க வேண்டாம், பயமுறுத்தவும் வேண்டாம். எட்டாம் வசனம் வரை வாசித்து நிறுத்துங்கள். பழைய பிரதிகள் இங்கே நிற்கின்றன, மீதியும் மிகப் பழையதுதான், திருச்சபை அதையும் சேர்த்து வைத்துக்கொண்டது என்று நேராகச் சொல்லுங்கள். பிறகு அந்தப் பெண்கள் பயம் தெளிந்து முதலில் யாரிடம் போய்ச் சொல்லியிருப்பார்கள் என்று பிள்ளைகளையே கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதில்களை எனக்கும் எழுதுங்கள்.

கூடத்து அட்டையைக் கழற்றாதீர்கள். எரேமியா 29இல் வீடு கட்டச் சொல்லும் ஐந்தாம் வசனத்தையும் எழுபது வருடம் என்று சொல்லும் பத்தாம் வசனத்தையும் நல்ல கையெழுத்தில் ஒரு தாளில் எழுதி அதன் கீழே ஒட்டலாம். அம்மாவிடம் கேட்டுவிட்டு ஒட்டுங்கள். அவர் ஏன் என்று கேட்டால், பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கடிதம் முழுவதையும் அவரையே வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள்.